நீரில் மூழ்கிய மோட்டார் எஞ்சினை மீட்டல்

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி இரவு பெய்த பெருமழையால் திருவனந்தபுரம் நகரின் தாழ்ந்த பகுதிகள் பல மறுநாள் வெள்ளத்தில் அமிழ்ந்தன. கிழக்குக் கோட்டையை அடுத்த ஸ்ரீவராகம் போன்ற இடங்களில், வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்துவோர் இத்தகைய இரவுகளை அஞ்சுவது இயல்பே. ஆயினும் வெள்ளம் கெடுக்காமல் விட்ட எஞ்சினை, நீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்க்கும் அவசரம் கெடுத்துவிடுவது உண்டு.

இதன் காரணம் எளியது. காற்று அமுங்கும், நீர் ஏறக்குறைய அமுங்குவதேயில்லை. ஊசி நீக்கிய பீச்சுகுழலின் வாயை விரலால் அடைத்து, முதலில் காற்றையும் பின்னர் நீரையும் அமுக்கச் செய்தால் மாணவர் இதனை உடனே உணர்வர். ஓர் உருளையில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு 300 கன சென்டிமீட்டர், அமுக்க விகிதம் 10 எனக் கொள்வோம். பிஸ்டன் உச்சியை அடையும்போது மேலே எஞ்சும் இடம் 300-ஐ 9-ஆல் வகுத்து வரும் 33 க.செ.மீ. அளவே. டீசல் எஞ்சினில் விகிதம் 16 ஆயின் 20 க.செ.மீ.தான். அதனினும் மிகுதியாக நீர் இருப்பின் பிஸ்டன் இடைவழியில் தடைப்படும். கிராங்க் தண்டோ அதனைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். இடையில் அகப்பட்ட இணைப்புத் தண்டு வளைந்துவிடும். சில வேளை முறிந்து எஞ்சினின் சுவரையே துளைத்துவிடும்.

ஆகவே, வண்டி நின்ற நிலையில் மூழ்கியதா, ஓடும்போது நீரை உறிஞ்சி நின்றதா என்பதைக் களப்பணியாளர் முதலில் கேட்டறிதல் வேண்டும். பின்னதாயின் தண்டு வளைந்திருக்கவும் கூடும். முன்னதாயின் நம்பிக்கை மிகுதி. ஆனால் காலம் குறைவு. ஈரமான உருளைச் சுவரில் ஓரிரு நாளிலேயே துரு ஏறத் தொடங்கும்.

பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுக. வண்டியைத் தள்ளியோ கட்டியிழுத்தோ கிளப்ப முயலலாகாது. காற்று வடிகட்டி நனைந்திருப்பின் நீர் உட்புகுந்ததெனவே கொள்க. எண்ணெய் அளவுகோலில் பால் கலந்தாற்போன்ற நிறம் தெரிந்தால் எண்ணெயில் நீர் கலந்துவிட்டது. நீர் எண்ணெயினும் கனமானதாதலால், அடித்தொட்டியின் திருகைத் திறந்தவுடன் நீரே முதலில் வடியும். எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் முற்றிலும் மாற்றுக.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகளையும், டீசல் எஞ்சினாயின் எரிபொருள் பீச்சுங்குழல்களையும் கழற்றி, கிராங்க் தண்டைக் கையாலேயே இருமுறை முழுச் சுற்றாகச் சுழற்றுக. நீர் துளைகளின் வழியே வெளியேறும். சுழற்சி கனமாகத் தடைப்பட்டால் அங்கேயே நிறுத்தி, எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதே முறை. தடையின்றிச் சுழன்றால் ஒவ்வோர் உருளையிலும் சில துளி எண்ணெய் விட்டு, அமுக்கத்தை அளந்து பார்க்கலாம். ஓர் உருளை மட்டும் மற்றவற்றினும் குறைவாகக் காட்டுமாயின் அதன் தண்டை ஐயுறுக. எரிபொருள் தொட்டியில் நீர் புகுந்திருந்தால் அதனையும் வடித்தல் வேண்டும். எஞ்சின் கிளம்பியபின் சிறிது நேரம் ஓடவிட்டு, எண்ணெயை மறுமுறை மாற்றுதல் சிக்கனமன்று எனச் சிலர் எண்ணுவர். தாங்கிகளின் விலையை அறிந்தவர் அவ்வாறு எண்ணார்.

கியர்ப் பெட்டியின் காற்றுத்துளை வழியாகவும் நீர் நுழையும். அதன் எண்ணெயும் பார்க்கத்தக்கது. கடலோரத்தில் உப்புநீர் புகுந்த வண்டியாயின், உலர்த்துவதற்கு முன்னரே மின் இணைப்புகளை நன்னீரால் கழுவுதல் வேண்டும்; உப்பு அங்கே தங்கினால் செம்பு அரிக்கப்படும். மின்கல வண்டிகள் இம்முறைக்கு உட்பட்டவை அல்ல. அவற்றின் செம்மஞ்சள் நிறக் கம்பிகளைப் பயிற்சி பெற்றவரன்றிப் பிறர் தொடலாகாது.