மின்கலம் நிரம்பும் முறை

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே தீவாக விளங்குவது திருவரங்கம். காவிரியின் தென்கரையில், மலைக்கோட்டையைத் தன் நடுவே தாங்கி நிற்பது திருச்சிராப்பள்ளி. சென்னையிலிருந்து இவ்வூர்களுக்கு வரும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 330 கிலோமீட்டர் நீளமுடையது. முன்பு பெட்ரோலும் டீசலும் கொண்டு ஓடிய கார்களோடு, இன்று மின்சாரத்தால் ஓடும் கார்களும் இச்சாலையில் செல்கின்றன. அவற்றிற்கு மின்சாரம் ஊட்டும் விரைவு மின்னேற்ற நிலையங்களும் வழியில் அமைந்துள்ளன.

வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சித்திரைத் தேர் காண வந்த குடும்பத்தினரைத் திருவரங்கத்தில் இறக்கிவிட்டு, நண்பகலில் அவர் மின்னேற்ற நிலையத்திற்கு வருகின்றார். மாலையில் புதுக்கோட்டைக்குச் சென்று திரும்பும் சவாரி ஒன்றை அவர் ஒப்புக்கொண்டிருக்கின்றார். அது தவறினால் அன்றைய வருவாயில் பாதி போய்விடும். அவருடைய காரின் மின்கலம் 40 யூனிட் கொள்ளும். அதில் பத்தில் ஒரு பங்கே எஞ்சியுள்ளது. நிலையத்தின் பலகையில் ‘60 கிலோவாட்’ என்று எழுதப்பட்டிருக்கின்றது. 60 கிலோவாட் திறன், ஒரு மணி நேரத்தில் 60 யூனிட் தரும். ஆகவே, குறைந்துள்ள 36 யூனிட் 36 நிமிடத்தில் நிரம்பிவிடும் என்று அவர் கணக்கிடுகின்றார். ஆனால் ஒரு மணி நேரம் கடந்தும் மின்கலம் நிரம்பவில்லை. நிலையத்தார் ஏமாற்றுகின்றனரோ, காரில் பழுது நேர்ந்ததோ என்று அவர் உள்ளம் கலங்குகின்றது. உண்மையில் ஏமாற்றமும் இல்லை, பழுதும் இல்லை. பின் காரணம் யாது? அதனை அறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

திருச்சிராப்பள்ளி நகரின் ஊடே உய்யக்கொண்டான் என்னும் பழமையான வாய்க்கால் ஓடுகின்றது. காவிரியில் வெள்ளம் கரைபுரண்டு சென்றாலும், அவ்வாய்க்காலில் அதன் தலைமதகு விடும் அளவே நீர் பாயும். வயலின் மடை அதனினும் சிறிதாயின், வயலுக்குச் செல்வது மடை விடும் அளவேயாம். மின்னேற்றமும் இத்தகையதே. நிலையம் தரக்கூடிய திறன் ஒன்று. கம்பி வடம் தாங்கக்கூடிய மின்னோட்டம் ஒன்று. கார் ஏற்கக்கூடிய திறன் ஒன்று. இவற்றுள் எது மிகச் சிறியதோ, அதுவே வேகத்தை வரையறுக்கும்.

இதனைக் கணக்கால் விளக்குவோம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் கிடைப்பதே மின்திறன். நம் ஓட்டுநர் வந்த நிலையத்தின் வடம் 150 ஆம்பியர் வரையில் செலுத்தும் என்று கொள்வோம். அவருடைய மின்கலத்தின் அழுத்தம் 320 வோல்ட்டு. இவ்விரண்டையும் பெருக்கினால் 48,000 வாட், அதாவது 48 கிலோவாட் ஆகும். அதே வடத்தில் 400 வோல்ட்டு மின்கலம் உடைய காரைப் பூட்டினால் முழுமையாக 60 கிலோவாட் பெறலாம். பலகையில் எழுதியது பொய்யன்று. அது நிலையத்தின் உச்ச அளவே யன்றி, எல்லாக் கார்களுக்கும் அளித்த வாக்குறுதி அன்று. மேலும், ஒரே நிலையத்தில் இரண்டு வடங்கள் இருந்து இரண்டு கார்கள் ஒருங்கே நின்றால், சில நிலையங்களில் திறன் இரண்டாகப் பங்கிடப்படும்.

இரண்டாவது காரணம் மின்கலத்தின் உள்ளே இருக்கின்றது. இக்கார்களில் பயன்படுவது இலித்தியம் அயனி மின்கலம். 1991ஆம் ஆண்டில் ஜப்பானில் இது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதனை உருவாக்க வழி கண்ட குட்டினஃப், விட்டிங்காம், யோசினோ என்னும் மூன்று அறிஞர்களுக்கு 2019ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இம்மின்கலத்தில் நேர்மின் முனை, எதிர்மின் முனை என இரண்டு உண்டு. எதிர்மின் முனை பெரும்பாலும் கிராபைட்டால் ஆனது. பென்சிலின் உள்ளே இருக்கும் கரும்பொருளும் கிராபைட்டே. அது ஏடுகளை அடுக்கினாற்போன்ற அமைப்புடையது. மின்னேற்றம் செய்யும்பொழுது இலித்தியம் அயனிகள் நேர்மின் முனையை விட்டு நீங்கி, நடுவிலுள்ள கரைசலைக் கடந்து, கிராபைட்டு ஏடுகளின் இடையே புகுந்து அமர்கின்றன.

திருவரங்கக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தை மனத்தில் கொள்ளுங்கள். விழாநாளில் மக்கள் திரள் திரளாக வருகின்றனர். மண்டபம் வெறுமையாக இருக்கும்பொழுது யாவரும் தடையின்றி நுழைந்து, கண்ட இடத்தில் அமர்கின்றனர். முக்காற்பங்கு நிறைந்த பின் வருவோர், தூண்களின் இடையே வளைந்து சென்று, எஞ்சிய இடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டியுள்ளது. அப்பொழுது வாயில் காப்போர் கூட்டத்தைச் சிறிது சிறிதாகவே உள்ளே விடுவர். அவ்வாறின்றி அனைவரையும் ஒருங்கே விட்டால், வாயிலிலேயே நெரிசல் உண்டாகித் தீங்கு நேரும்.

மின்கலத்தின் உள்ளும் இதுவே நிகழ்கின்றது. ஏடுகளுக்குள் புக இடம் பெறாத அயனிகள், கிராபைட்டின் மேற்புறத்திலேயே இலித்திய உலோகமாகப் படிந்துவிடும். அவ்வாறு படிந்த உலோகத்தில் ஒரு பகுதி மீண்டும் பயன்படாமற் போகும். மின்கலத்தின் கொள்ளளவு குறையும். அது சில வேளைகளில் முள்போல வளர்ந்து, இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்பைத் துளைத்து, தீவிபத்திற்கும் காரணமாகலாம். இதனைத் தடுக்கவே ஒவ்வொரு மின்காரிலும் மின்கல மேலாண்மைக் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கின்றது. வாயில் காப்போனாகிய அக்கருவியே, ‘இப்பொழுது இவ்வளவு மின்னோட்டம் போதும்’ என்று நிலையத்திற்கு இடைவிடாது செய்தி அனுப்புகின்றது. பொதுவாக நூற்றுக்கு எண்பது பங்கு நிறைந்தபின், அது மின்னோட்டத்தைப் பெரிதும் குறைத்துவிடும்.

மூன்றாவது காரணம் வெப்பம். மின்னோட்டம் தடையுள்ள பொருளில் செல்லும்பொழுது வெப்பம் பிறக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். கத்திரி வெயிலில் திருச்சிராப்பள்ளியின் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது உண்டு. அவ்வெயிலில் நெடுந்தொலைவு விரைந்து வந்த காரின் மின்கலம் முன்னரே சூடேறியிருக்கும். அதன்மேல் விரைவு மின்னேற்றத்தின் வெப்பமும் சேர்ந்தால், மின்கலம் கெடும். ஆகவே மேலாண்மைக் கருவி மின்னோட்டத்தைத் தணிக்கின்றது. குளிர்நீர் சுற்றி வரும் அமைப்புடைய கார்கள் இவ்வெப்பத்தை ஓரளவு தாங்கும். காற்றால் மட்டும் குளிரும் கார்கள் விரைவில் வேகம் இழக்கும். நிலையத்தின் கருவிகளும் வடமும் சூடேறினால் அவையும் தம் திறனைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு மாறாக, கடுங்குளிர் உள்ள நாடுகளில் அயனிகள் மெல்ல நகர்வதால் மின்னேற்றம் தாமதமாகின்றது. உறைபனி பெய்யும் இரவில் உதகையிலும் இதனைக் காணலாம்.

இனி, நம் ஓட்டுநரின் கணக்கைத் திருத்தி எழுதுவோம். பத்து விழுக்காட்டிலிருந்து எண்பது விழுக்காடு வரை நிரப்ப 28 யூனிட் வேண்டும். அப்பொழுது சராசரியாக 42 கிலோவாட் கிடைத்தால், அதற்கு 40 நிமிடம் ஆகும். எஞ்சிய இருபது விழுக்காட்டிற்கு 8 யூனிட்டே தேவை. ஆனால் அப்பொழுது சராசரி 12 கிலோவாட்டாகக் குறைந்தால், அதற்கும் 40 நிமிடம் ஆகும். முதலில் 28 யூனிட் தந்த நேரம், பின்னர் 8 யூனிட்டே தருகின்றது. ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும் காராயின், எண்பது விழுக்காட்டில் உள்ள 32 யூனிட் 224 கிலோமீட்டருக்குப் போதும். புதுக்கோட்டைக்குச் சென்று திரும்ப அதில் ஏறத்தாழப் பாதியே செலவாகும். ஆதலின் எண்பது விழுக்காட்டிலேயே அவர் புறப்பட்டிருக்கலாம். மாலைச் சவாரியும் தவறியிராது. பின்னால் காத்து நிற்கும் மற்றோர் ஓட்டுநருக்கும் இடம் கிடைத்திருக்கும். பெற்ற யூனிட்டுகளுக்கே கட்டணம் பெறும் நிலையங்களில், மெதுவாக ஏறியதனால் பொருள் இழப்பும் இல்லை.

இத்தாமதத்தைக் குறைக்க அறிவியலார் முயன்று வருகின்றனர். திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் இராதாகிருட்டிணன் அதனைத் திறந்துவைத்தார். இலித்தியம் மின்கலங்களைப் பற்றிய ஆராய்ச்சியும் அங்கு நடைபெற்று வருகின்றது. இதனைப் படிக்கும் மாணவருள் சிலர் நாளை அங்கே ஆராய்ச்சியாளராக அமரலாம்.

காரணம் அறியாதபொழுது நாம் பிறரை ஐயுறுகின்றோம். காரணம் அறிந்தபின் நம் செயலைத் திருத்திக்கொள்கின்றோம். கொடுப்பவன் கை எவ்வளவு பெரிதாயினும், கொள்ளும் கலம் தன் இயல்புக்கு ஏற்றவாறே கொள்ளும். தேர்வுக்கு முன்னாள் இரவில் ஆண்டுப் பாடம் முழுவதையும் மனத்தில் திணிக்க முயலும் மாணவனும் இவ்வுண்மையை எண்ணிப் பார்த்தல் நன்று.

பயிற்சி

1. நிலையத்தின் பலகையில் எழுதிய திறன் எல்லாக் கார்களுக்கும் கிடைப்பதில்லை. ஏன்?
2. ஆயிரங்கால் மண்டபத்தின் உவமையால் ஆசிரியர் விளக்கும் உண்மை யாது?
3. 350 வோல்ட்டு அழுத்தமுள்ள மின்கலத்தில் 120 ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தினால் கிடைக்கும் திறன் எத்துணைக் கிலோவாட்?
4. ஓட்டுநர் எண்பது விழுக்காட்டில் புறப்பட்டிருந்தால் யார் யாருக்கு நன்மை விளைந்திருக்கும்? விளக்கி எழுதுக.