டோக்கியோ: அச்சம் ஓரிடம், செலவு வேறிடம்

டோக்கியோ போகிறோம் என்று ஜோகூர் பாருவில் ஒருவர் வாய் திறந்தால் போதும், அறிவுரைகள் வந்து குவிந்துவிடும். அங்கே ஒரு காப்பி குடிக்கவே கடன் வாங்க வேண்டும். ஜேஆர் பாஸ் இல்லாமல் கால் வைக்காதே. சைவக்காரர்களுக்குப் பட்டினிதான், ரைஸ் குக்கரைப் பெட்டியில் போடு. வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும் இந்த மூன்றும் அப்பட்டமான பொய்கள் அல்ல. ஒரு காலத்துக்கு, அல்லது வேறு வகையான ஒரு பயணத்துக்குப் பொருந்திய பேச்சுகள். சாகாமல் இருப்பதும் அதனால்தான். டோக்கியோவில் பணமும் நிம்மதியும் கரையும் இடங்கள் உண்டு. ஆனால் அவை நாம் பயப்படும் இடங்களில் இல்லை.

முதலில் விலை. ஜப்பான் என்றாலே யானை விலை என்ற எண்ணம் 1980களின் பிற்பகுதியில், அந்நாட்டு நிலமும் பங்குகளும் வானத்தைத் தொட்டபோது உலகமெங்கும் பரவியது. 1982இல் தொடங்கிய கிழக்கை நோக்கும் கொள்கையின் வழியாக மலேசியர்கள் ஜப்பானைப் பழகிக்கொண்டதும் ஏறத்தாழ அதே காலம்தான். 1990களின் தொடக்கத்தில் அந்தக் குமிழி உடைந்தது. பிறகு முப்பது ஆண்டுகளாக அங்கே விலைவாசி பெரிதாக நகரவில்லை. நம் விலைவாசிதான் நகர்ந்தது. நாணய மாற்றும் சேர்ந்துகொண்டது. 2012இல் 100 யென் வாங்க ஏறத்தாழ 3 வெள்ளி 90 காசு தேவைப்பட்டது. 2024 நடுப்பகுதியில் 3 வெள்ளிகூடத் தேவைப்படவில்லை. டோக்கியோ மெட்ரோவில் 6 கிலோமீட்டர் வரை 180 யென், அதாவது ஐந்தரை வெள்ளிக்குள். அதே தூரத்துக்கு ஜோகூர் பாருவில் கிராப் பிடித்தால் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். 2022க்குப் பிறகு அங்கேயும் விலை ஏறுகிறதே என்பார்கள். ஏறுகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு கிண்ணம் ஊடோன் நூடல்ஸ் 500 யென் அளவில் கிடைக்கும் நகரத்தைப் பணக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்று சொல்ல முடியாது. விசாக் கட்டணமும் இல்லை: பயோமெட்ரிக் கடப்பிதழ் உள்ள மலேசியர்கள் 2013 ஜூலை முதல் விசா இல்லாமலே 90 நாள் வரை தங்கலாம்.

ஜேஆர் நிறுவனங்களின் ரயில்களில் நாடெங்கும் செல்ல வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் ஜேஆர் பாஸின் கதை இன்னும் தெளிவானது. 7 நாள் சாதாரண வகுப்பு பாஸ் 29,650 யென்னாக இருந்தவரை, டோக்கியோவிலிருந்து ஒசாகா போய்த் திரும்பினாலே முதல் ஏறத்தாழத் தேறிவிடும். 2023 அக்டோபரில் விலையை 50,000 யென்னாக உயர்த்தினார்கள். 100 யென் 3 வெள்ளி என்று வைத்தால் 1,500 வெள்ளி. ஒசாகாவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் போய்வர இப்போதும் 29,000 யென் அளவில்தான் ஆகிறது. மேலும் 20,000 யென்னுக்கு ஒரே வாரத்தில் ரயிலேறப் போகிறவருக்கு மட்டுமே பாஸ் கட்டுபடியாகும். டோக்கியோவுக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு அது வீண் செலவு. டோக்கியோ மெட்ரோவின் 9 தடங்களிலும் தோயே சுரங்க ரயிலின் 4 தடங்களிலும் அந்தப் பாஸ் செல்லவே செல்லாது. “பாஸ் கையில் இருந்தால் நினைத்த இடத்துக்குப் போகலாமே, அந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டே” என்று ஒரு வாதம் உண்டு. டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய்வரும் இடங்களைப் பாருங்கள்: காமகுராவுக்கு ஒருவழிக்கு 1,000 யென் அளவு; நிக்கோவுக்கு அசகுசாவிலிருந்து தொபு என்ற தனியார் ரயிலே போகிறது, அதிலும் இந்தப் பாஸ் செல்லாது. சுயிகா, பாஸ்மோ போன்ற தொட்டுச் செல்லும் அட்டை ஒன்று போதும். 2013 முதல் அதே அட்டை ஒசாகா உட்படப் பெரிய நகரங்களின் ரயில்களிலும் செல்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் சுயிகாவைக் கைப்பேசியிலேயே ஏற்றிக்கொள்ளலாம். நம்மூரில் வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பெரும்பாலும் அது முடியாது.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? முதலாவது, வந்திறங்கும் நேரத்தில். சாங்கியிலிருந்தோ கேஎல்ஐஏவிலிருந்தோ மலிவு டிக்கெட் தேடும்போது நாம் விலையைப் பார்க்கிறோம், இறங்கும் மணியைப் பார்ப்பதில்லை. டோக்கியோவின் ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். மீண்டும் ஓடக் காலை ஐந்து மணி ஆகும். டாக்சிக்கு இரவு 10 மணி முதல் அதிகாலை 5 வரை 20 விழுக்காடு கூடுதல் கட்டணம். ஹனேடா விமான நிலையம் என்றால் நகரம் பக்கம், எப்படியோ சமாளிக்கலாம். இன்னொரு விமான நிலையமான நரித்தா நகர மையத்திலிருந்து 60 கிலோமீட்டர். டாக்சிக் கட்டணம் 20,000 யென்னைத் தாண்டும். டிக்கெட்டில் மிச்சப்படுத்திய வெள்ளி அங்கேயே போய்விடும். இரண்டாவது, அறை. போர்ட் டிக்சனில் ஓர் அறை எடுத்து ஐந்து பேர் பாய் விரிக்கும் பழக்கம் அங்கே எடுபடாது. ஜப்பானிய விடுதிகள் தலைக்குக் கணக்குப் போடுகின்றன. அறைகளோ இரண்டு பெட்டிகளைத் திறந்து வைக்கவே இடம் போதாதவை. மூன்றாவது, நம் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. டிசம்பர் கடைசியில் விடுதி விலை ஏறும். ஜனவரி முதல் மூன்று நாள் பல சிறிய கடைகளும் அருங்காட்சியகங்களும் பூட்டியிருக்கும்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இங்கே அச்சமும் தவறு, அலட்சியமும் தவறு. ரைஸ் குக்கர் கொண்டுபோவது பயனற்றது. ஜப்பானின் மின்னழுத்தம் 100 வோல்ட். 240 வோல்ட்டுக்கென்று செய்த 700 வாட் குக்கர் அங்கே 120 வாட் அளவுக்குத்தான் சூடேறும். அரிசி ஊறுமே தவிர வேகாது. மாற்று பிளக் வாங்கிப் பயனில்லை, அது ஊசியின் வடிவத்தை மாற்றுமே ஒழிய மின்னழுத்தத்தை மாற்றாது. சூடாக்கித் தரும் பாக்கெட் சோறு அங்கே கிடைப்பதால், ஊறுகாயும் பருப்புப்பொடியும் போதும். இறைச்சி கலந்த எதையும் கொண்டுபோகாதீர்கள். பச்சைக் கறிவேப்பிலையும் மிளகாயும்கூட ஏற்றுமதி நாட்டின் தாவர ஆய்வுச் சான்று இல்லாமல் நுழைய முடியாது.

நம்மவர் உணவு கிடைக்காது என்பதும் பழங்கதை. ஐஎன்ஏ என்ற இந்திய தேசிய ராணுவத்தின் வரலாறு தெரிந்த நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு ராஷ் பிகாரி போஸ் என்ற பெயர் புதிதல்ல. அவர் மருமகனாகப் போன ஷிஞ்சுகுவின் நகமுராயா கடையில் 1927 முதல் இந்தியக் கறி பரிமாறப்படுகிறது. இந்திய சுதந்திர லீக்கில் அவரோடு இயங்கிய ஏ. எம். நாயர் 1949இல் கின்சாவில் தொடங்கிய உணவகமும் இன்றுவரை நடக்கிறது. இந்தியக் குடும்பங்கள் நிறைந்த நிஷி-கசாயில் தென்னிந்தியச் சாப்பாடே கிடைக்கும்.

உண்மையான சிக்கல் சைவ உணவு போலத் தெரிவதில் இருக்கிறது. ஊடோன் குழம்பு, மிசோ சூப், காய்கறி அவியல், சோபா நூடல்ஸின் தொட்டுக்குழம்பு ஆகியவற்றின் அடிச்சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷியில் எடுத்தது. அது சூரை மீனைப் புகைத்து உலர்த்தியது. நமக்குத் தெரிந்த மாசிக்கருவாட்டின் உறவு. “இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்” என்று சொன்னாலும் சமையற்காரருக்கு அந்தச் சாறு நினைவுக்கு வராமல் போகலாம். தட்டில் மீன் துண்டு இல்லையே! ஜப்பானியக் கறிக்கட்டிகளில் மாட்டுக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்பதால், ‘காய்கறிக் கறி’ என்ற பெயரையும் நம்பக் கூடாது. ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்துத் தப்பிக்கலாம் என்றால், சூரை மீன் கட்டாய ஒவ்வாமைப் பொருள்களில் இல்லை. கைப்பேசியின் கேமரா மொழிபெயர்ப்பில் முழுச் சேர்மானத்தையும் படிக்க வேண்டும். புரட்டாசி விரதக்காரர்கள் கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுக்கும் ஷோஜின் என்ற பௌத்த மடாலயச் சமையலை முன்பதிவு செய்து உண்ணலாம். விலை கூடுதல்தான், ஆனால் வெங்காயம் பூண்டுகூட இருக்காது.

“இத்தனை தலைவலிக்குப் பயண நிறுவனத்தோடு போய்விடலாமே” என்பது கடைசி மறுப்பு. அதில் நியாயம் உண்டு. டோக்கியோவில் நடை அதிகம். ஷிஞ்சுகு நிலையத்துக்கு மட்டும் 200க்கு மேற்பட்ட வாசல்கள். மின்தூக்கி எல்லா வாசலிலும் இல்லை. முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் பேருந்தோடு வரும் குழுப்பயணத்தில் சேருவதே மேல். ஆனால் ஒரு வாரத்தில் ஒசாகாவில் இறங்கி டோக்கியோவில் விமானம் ஏறும் குழுக்களுக்கு டோக்கியோவில் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள்தான். பேருந்து நிற்கும் இடமெல்லாம் கடைத்தெரு. நடக்கத் தெம்பும் கையில் ஒரு கைப்பேசியும் உள்ளவர்கள் தாங்களாகவே போகலாம். டிக்கெட் எடுக்கும்போது விலையோடு இறங்கும் நேரத்தையும் பாருங்கள். இரவு 9 மணிக்கு மேல் நரித்தாவில் இறங்கும் விமானம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.