நீராவி என்று நம்பலாமா?



சில வாரங்களுக்கு முன் ஒரு தாயார் பங்குமனைக்கு வந்தார். கைலேஞ்சியில் சுற்றிய ஒரு பொருளை மேசையில் வைத்தார். உயர்தர வகுப்பிலே படிக்கும் மகனின் புத்தகப் பைக்குள் அகப்பட்டதாம். “பென் டிரைவ் எண்டுதான் நினைச்சன் சுவாமி. ஆனால் மாம்பழ வாசம் வருகுது” என்றார். அது ஓர் இலத்திரனியல் சிகரெட். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. “புகையில்லையாம், வெறும் நீராவியாம் எண்டு மகன் சொல்லுறான். அப்பிடியெண்டால் கெடுதல் இல்லைத்தானே?” என்று கேட்டார்.

இக்கேள்வி அந்தத் தாயாருடையது மட்டுமன்று. ஆதலால் அதற்குரிய பதிலை எல்லோரும் அறியும்படி இங்கே எழுதுகிறோம்.

இது எவ்வாறு இயங்குகிறது?

இன்றைய இலத்திரனியல் சிகரெட்டை 2003ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஹொன் லிக் என்னும் சீன மருந்தாளர். அவர் கடுமையாகப் புகைபிடித்தவர். அவருடைய தந்தையும் புகைபிடித்துச் சுவாசப்பைப் புற்றுநோயால் இறந்தவர். தம் பழக்கத்தை விட்டொழிக்க வழி தேடியே அவர் இக்கருவியைச் செய்தார். நோக்கம் நல்லதே. ஆயினும் ஒரு பொருள் எதற்காகப் பிறந்தது என்பது வேறு, எவர் கைக்குப் போய்ச் சேருகிறது என்பது வேறு.

கருவியிலே ஒரு பற்றரி, சூடேறும் ஒரு கம்பிச்சுருள், ஒரு திரவம் ஆகிய மூன்றும் உண்டு. திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், சுவையூட்டிகள், பெரும்பாலும் நிக்கொட்டின் ஆகியன கலந்திருக்கும். கம்பி சூடேறியதும் திரவம் மிக நுண்ணிய துளிகளாக மாறி மூச்சோடு உள்ளே போகிறது. கேத்தலிலிருந்து வரும் ஆவியைப் போன்றதன்று இது. நீராவி என்று இதை அழைப்பதே முதலாவது ஏமாற்று.

உடலுக்கு வரும் கேடு

முதலாவது, நிக்கொட்டின். புகையிலையில் மனிதரை அடிமைப்படுத்தும் பொருள் இதுவே. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் இது கூட்டுகிறது. மனித மூளை ஏறக்குறைய 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருப்பதால், இளையோரின் கவனத்தையும் கற்கும் ஆற்றலையும் இது பாதிக்கும். அடிமைத்தனமும் அவர்களை விரைவில் பற்றிக்கொள்ளும். கர்ப்பிணித் தாய்மார் உட்கொண்டால் கருவிலுள்ள சிசுவின் மூளைக்கும் சுவாசப்பைக்கும் தீங்கு நேரும். 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பென் டிரைவ் வடிவில் ‘ஜூல்’ என்னும் கருவி சந்தைக்கு வந்தது. அதன் சிறு குப்பி ஒன்றிலே ஏறக்குறைய 20 சிகரெட் கொண்ட ஒரு பெட்டிக்கு ஈடான நிக்கொட்டின் இருந்ததை உற்பத்தியாளரே அறிவித்தனர். 2019இல் அந்நாட்டின் உயர்நிலைப் பாடசாலை மாணவரில் 27.5 வீதமானோர் இலத்திரனியல் சிகரெட் பாவித்ததாக அரசின் ஆய்வு காட்டியது. நூறு பிள்ளைகளில் இருபத்தேழு பேர்!

இரண்டாவது, சூட்டினால் உண்டாகும் பொருட்கள். திரவம் சூடேறும்போது போமல்டிகைட், அக்ரோலீன் முதலிய நச்சுப்பொருட்கள் தோன்றக்கூடும். கம்பியிலிருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் சேரக்கூடும்.

மூன்றாவது, சுவையூட்டிகள். மாம்பழமும் ஸ்ரோபெரியும் நாவுக்கு இனியவை. ஆனால் வயிற்றுக்கு ஏற்றதெல்லாம் சுவாசப்பைக்கு ஏற்றதன்று. 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், சோளப்பொரித் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் சிலர் மீளமுடியாத சுவாசப்பை நோய்க்கு ஆளாகினர். வெண்ணெய்ச் சுவைக்காகச் சேர்க்கப்பட்ட டயசெற்றில் என்னும் பொருளின் ஆவியைச் சுவாசித்ததே காரணம். உண்டால் தீங்கு செய்யாத அதே பொருள், சில இலத்திரனியல் சிகரெட் திரவங்களிலும் காணப்பட்டது.

நான்காவது, 2019இல் நடந்த துயரம். அமெரிக்காவில் இக்கருவிகளைப் பாவித்தோர் திடீரென மூச்சுத்திணறி வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டனர். 2020 பெப்ரவரி நடுப்பகுதிவரை 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 68 பேர் இறந்தனர். கஞ்சாச் சத்துள்ள திரவங்களில் கலக்கப்பட்ட விற்றமின் ஈ அசிற்றேற் என்னும் பொருளே முதன்மைக் காரணமெனக் கண்டறியப்பட்டது. எல்லாத் திரவத்திலும் அது இருப்பதில்லை. ஆனால் வாங்குகிறவர் குப்பியைப் பார்த்து அதை அறிய முடியுமா?

“சிகரெட்டை விட நல்லதுதானே?”

நேர்மையாகச் சொல்லவேண்டும். பல்லாண்டுகள் சிகரெட் புகைத்த வளர்ந்தவர் ஒருவர், அதை முற்றாக விட்டு இதற்கு மாறினால் கேடு குறையும் என்பது உண்மை. சிலருக்குச் சிகரெட்டை விட இது உதவியும் இருக்கிறது. இங்கிலாந்தின் சுகாதாரத்துறையினர் இக்கருத்தையே கொண்டுள்ளனர். ஆயினும் அதே இங்கிலாந்து 2015இல் 18 வயதுக்குட்பட்டோருக்கு இதை விற்பதைத் தடைசெய்தது. ஒருமுறை பாவித்து எறியும் வகையை 2025 ஜூன் முதல் முற்றாகத் தடைசெய்தது. கூரையிலிருந்து விழுவதை விடத் திண்ணையிலிருந்து விழுந்தால் காயம் குறைவுதான். அதற்காக நிலத்தில் நிற்கும் பிள்ளையைத் திண்ணையில் ஏற்றித் தள்ளிவிடுவோமா?

எமது நாட்டிலும் புகையிலை சார்ந்த இலத்திரனியல் சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை 2016இல் தடைசெய்யப்பட்டன. இந்தியா 2019இல் இக்கருவிகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம் உறவினர் இதை அன்பளிப்பாகக் கொண்டுவருவது அன்பாகாது.

விசுவாசிகளாகிய நாம்

மண்ணால் உருவாக்கிய மனிதனுக்கு இறைவன் தம் மூச்சை ஊதி உயிரளித்தார் என்று ஆதியாகமம் கற்பிக்கிறது. எமது உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு நினைவூட்டினார். நாம் விடும் மூச்சு எமக்குச் சொந்தமானதன்று, எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. இதை உணர்ந்தே காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், வத்திக்கான் ஊழியருக்குச் சிகரெட் விற்பதை 2018 முதல் நிறுத்தும்படி தீர்மானித்தார். பெரும் வருமானம் போனது. மக்களின் நலத்தைக் கெடுக்கும் ஒன்றுக்குத் திருப்பீடம் துணைபோகாது என்பதே விளக்கம்.

பெற்றோர் செய்யவேண்டியது

பிள்ளையிடம் இக்கருவியைக் கண்டால் உடனே அடிக்கவோ அயலார் கேட்க ஏசவோ வேண்டாம். பயந்த பிள்ளை இன்னும் ஆழமாக ஒளிக்கும். தனியே இருத்தி, எப்போது தொடங்கியது, எவர் கொடுத்தது, காலையில் எழுந்ததும் தேடுகிறதா என்று அமைதியாகக் கேளுங்கள். அடிமையாகிவிட்ட பிள்ளை நிறுத்தும்போது எரிச்சலும் நித்திரையின்மையும் வரும். முதல் வாரமே கடினம். சில வாரங்களில் தணியும். அந்நாட்களில் பிள்ளைக்கு வேண்டியது தண்டனையன்று, துணை. தேவையெனில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். திரவக் குப்பிகளைச் சிறு பிள்ளைகளின் கைக்கெட்ட வைக்கவேண்டாம், விழுங்கினால் நஞ்சாகும்.

அந்தத் தாயார் புறப்படும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார்: “இவன்ர அப்பா ஒரு நாளைக்கு ஒரு பெட்டி பத்துறவர் சுவாமி. அவர் எந்த வாயால மகனுக்குச் சொல்லுறது?”

அதே வாயால்தான் சொல்லவேண்டும். “நான் விழுந்த குழியில் நீயும் விழாதே, நானும் இன்றிலிருந்து எழும்பப் பார்க்கிறேன், நீ எனக்கு உதவி செய்” என்று தகப்பன் மகனிடம் கேட்கலாம். அப்படிக் கேட்பதால் தகப்பனின் மதிப்புக் குறையாது. இரவுச் செபம் முடிந்ததும் இருவரும் தத்தம் பெட்டியையும் கருவியையும் வீட்டுச் சுரூபத்தின் முன் வைக்கட்டும். மறுநாட் காலையில் அவற்றை எடுக்காதிருக்க ஒருவருக்கொருவர் காவலாகட்டும்.