மீண்டும் குடியில் விழுந்தவருக்கு எவ்வளவு சிகிச்சை வேண்டும்?

பங்குமனைக்கு வரும் மனைவியரும் தாய்மாரும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சுவாமி, எட்டு மாதம் தொடாமல் இருந்தார். நத்தாருக்கு அட்வான்ஸ் கிடைத்த அன்று மறுபடி தொடங்கிவிட்டார். இனி எல்லாம் முதலிலிருந்தா? எங்கேயாவது தங்கவைக்க வேண்டுமா, அல்லது கிளினிக்குக்குப் போய் வந்தால் போதுமா?"

இக்கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஆயினும் விடையைத் தேடும் வழி ஒன்று உண்டு. நம் குடும்பங்கள் அதை அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் தவறான அளவில் தொடங்குவதால் பணமும் போகிறது, நம்பிக்கையும் போகிறது. சில வேளைகளில் உயிரும் போகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மறுபடி விழுவது இந்த நோயின் இயல்பிலேயே உள்ளது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு கட்டுரை, போதைப் பழக்கத்திலிருந்து சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை ஓராண்டுக்குள் மீண்டும் அப்பழக்கத்துக்குத் திரும்புவதாகக் கணக்கிட்டது. இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகிய நோய்களிலும் கட்டுப்பாடு தவறுவோரின் தொகை இதற்குக் குறைந்ததல்ல என்றும் அது காட்டியது. பிரஷர் ஏறிய தகப்பனை நாம் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கூட்டிப்போகிறோம். இங்கும் செய்ய வேண்டியது அதுவே. அந்த எட்டு மாதம் வீணாகவில்லை. எது அவரைத் தாங்கியது, எந்த இடத்தில் தாங்காமற் போயிற்று என்பதை அந்த எட்டு மாதமே சொல்லும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது அவருடைய உடல். இதில் நம் பக்தியுள்ள குடும்பங்களே தெரியாமல் ஆபத்தை விலைக்கு வாங்குகின்றன. தவக்காலம் தொடங்கும்போதோ, திருவிழாவிலோ, பீடத்தின் முன் சத்தியம் செய்து அன்றே முழுவதுமாக நிறுத்திவிடுவார்கள். எப்போதாவது குடிப்பவருக்கு இதனால் கேடில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுக்கம் தீரச் சாராயமோ கசிப்போ தேடுகிறவர், பல வாரங்கள் நாள் தவறாமல் குடித்தவர், திடீரென நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள்களில், சிலருக்கு அதற்குப் பிறகும், இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் மனக்குழப்பமும் சேர்ந்து வரலாம். இதைக் கண்டு "பேய் பிடித்துவிட்டது" என்று மந்திரிக்கக் கொண்டுபோகிறவர்கள் இன்றும் உண்டு. இது பேயல்ல, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய நோய். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஆகவே முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்தவர், ஈரல், இருதய நோயுள்ளவர், உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசுகிறவர் ஆகியோருக்கு வெளிநோயாளர் சிகிச்சை இப்போதைக்கு ஏற்றதல்ல. அவர்களுக்கு முதலில் வாட்டு. ஒவ்வொரு முறை விழுந்து நிறுத்தும்போதும் இந்த நடுக்கமும் வலிப்பும் முன்பைவிடக் கடுமையாகக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. "போன தடவை வீட்டிலேயே சமாளித்தோம்" என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதமாகாது. ஒரு கிளை வார்த்தை: இப்படிப்பட்டவருக்குச் சேலைன் ஏற்றினால் போதும் என்று தனியார் டிஸ்பென்சரிக்கு ஓடுவோர் பலர். குடியால் உடலில் தயமின் என்ற விற்றமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோசு மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம். குடிப்பவர் என்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

இந்த ஆபத்துகள் இல்லாதவருக்கே "எவ்வளவு வெளிச் சிகிச்சை" என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்காவில் போதைநோய் மருத்துவர் சங்கம் 1991இல் இதற்கென ஓர் அளவுகோலை வெளியிட்டது. சாதாரண கிளினிக் ஒரு படி; கிழமைக்கு 9 முதல் 19 மணி நேரம் வந்துபோகும் தீவிர வெளிச் சிகிச்சை அடுத்த படி; 20 மணி நேரமும் அதற்கு மேலும் பகலில் வந்திருந்து இரவில் வீடு திரும்புவது அதற்கும் மேற்படி; அதன் பிறகுதான் தங்கும் இல்லமும் வைத்தியசாலை வாட்டும். எந்தப் படி என்று முடிவு செய்ய உடல், மனம், மாற விருப்பம், மீண்டும் விழும் வாய்ப்பு, வீட்டுச் சூழல் முதலியவற்றை நிறுத்துப் பார்க்கிறார்கள்.

கண்டியில் அந்தப் பெயர்ப்பலகைகளைத் தேடி அலைய வேண்டாம். இருப்பதைக் கொண்டு அந்தப் படியை நாமே கட்டிக்கொள்ளலாம். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் மனநல வைத்தியப் பிரிவுகள் உண்டு. நாவலப்பிட்டி, கம்பளை, மாத்தளைப் பக்கத்தார் தங்கள் ஊர் வைத்தியசாலையில் மனநல வைத்திய அதிகாரியைப் பார்க்கக் கேட்கலாம். 1984இல் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குக் கண்டியிலும் சிகிச்சை நிலையம் உண்டு. அதன் ஆலோசனை இலக்கம் 1927. மனநல உதவிக்கு 1926.

இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் இரண்டு நாள் குடித்துவிட்டு மூன்றாம் நாள் தாமாகவே மனைவியிடம் சொன்னார். வேலை இருக்கிறது, வீட்டில் வேறு எவரும் குடிப்பதில்லை. இவருக்குப் பழைய கிளினிக் போதும். ஆனால் மாதம் ஒரு முறை என்றிருந்ததைச் சில காலம் வாரம் ஒரு முறையாக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மற்றவர் ஆறு கிழமையாகக் குடிக்கிறார். லயத்தில் அடுத்த காம்பராவில் கசிப்பு விற்கிறார்கள். தம்பியும் மைத்துனரும் குடிக்கிறார்கள். மாதம் ஒரு முறை கிளினிக் என்பது இவருக்குச் சிகிச்சையே அல்ல. கிழமைக்கு மூன்று நான்கு நாள் யாராவது இவரைப் பார்க்க வேண்டும்: ஒரு நாள் கிளினிக், ஒரு நாள் ஆலோசகர், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் அருகில் இருந்தால் அங்கே ஒரு நாள், பங்கிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருவது ஒரு நாள். சில வாரம் குடியில்லாத உறவினர் வீட்டில் தங்கவைக்க முடிந்தால் அதுவும் பெரிய மருந்து. இவ்வளவும் செய்ய வழியில்லையென்றால், அல்லது செய்தும் நிற்கவில்லையென்றால், தங்கும் நிலையத்தை நாட வேண்டும். அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

போக்குவரவுச் செலவைச் சிறிய காரியமென்று ஒதுக்குவது படித்தவர்களின் வழக்கம். கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ கண்டிக்கு வருகிறவருக்குக் கிளினிக் என்றால் அன்றைக்குப் பேர் இல்லை. பஸ் காசு இரண்டு பேருக்கு. மூன்று முறை போய் நான்காம் முறை நின்றுவிடும் உயர்ந்த சிகிச்சையைவிட, தவறாமல் போகக்கூடிய நடுத்தரச் சிகிச்சை மேலானது. இதை வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லி, பக்கத்து வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள்.

மாத்திரை பற்றியும் சொல்லியாக வேண்டும். டைசல்பிராம் என்ற மாத்திரையை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். இதைச் சாம்பாரில் கலந்து கணவனுக்குத் தெரியாமல் கொடுக்கச் சிலர் யோசனை சொல்கிறார்கள். செய்யாதீர்கள். இருதய நோயுள்ளவர் இதனால் இறக்கவும் கூடும். அவர் அறிந்து, சம்மதித்து, குடித்து ஒரு நாளாவது கழிந்தபின், வைத்தியர் ஈரலைச் சோதித்துத் தரும்போதே இது மருந்து. மனைவியின் கையால் கொடுப்பது நல்லதே, ஆனால் ஒளிவுமறைவின்றி. மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை அதன் வேலை நிற்காது. அக்காலத்தில் மதுசாரம் கலந்த இருமல் மருந்தும், நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் அரிஷ்டமும் கூடாது. நற்கருணையை அப்ப வடிவில் மட்டும் பெறுவோர் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறார்கள் என்பதால், அதில் கலக்கம் வேண்டாம்.

ஹெரோயினுக்குத் திரும்பிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: சில மாதம் விட்டிருந்தவனின் உடல் பழைய அளவைத் தாங்காது. முன்பு எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். வைத்தியரிடம் கூட்டிப்போவதை அடுத்த மாதத்துக்கென்று தள்ளாதீர்கள்.

சென்னையில், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் நிலையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் சிகிச்சைக்கு அழைத்தது. மனைவியும் தாயும் தங்கள் கோபத்துக்கும் பயத்துக்கும் உதவி பெறாவிட்டால், திரும்பி வருகிறவர் அதே வீட்டுக்குத்தான் வருகிறார். ஆகவே கிளினிக்குக்கு நீங்களும் உள்ளே போங்கள். வாசலில் பையை வைத்துக்கொண்டு காத்திராதீர்கள்.

சத்தியம் செய்வதைக் குறித்து டப்ளின் தொழிலாளி மாட் டால்போட்டை நினைவுகூரலாம். 1884இல், தம் 28ஆம் வயதில், அவர் எடுத்த உறுதி மூன்று மாதத்துக்கு மட்டுமே. அது முடிந்தபின் மேலும் சில மாதம். பிறகே வாழ்நாள் முழுமைக்கும். 1925இல் இறக்கும்வரை அவர் மீண்டும் குடிக்கவில்லை. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. நம்மிடம் சத்தியம் கேட்டு வருகிறவரிடம் "சாகும்வரை தொடமாட்டேன்" என்று சொல்லவைக்கும் அவசரம் எனக்குப் பிடிப்பதில்லை. அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் சத்தியம் செய்யட்டும். அதே நாளில் வைத்தியரும் பார்த்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை போகிறவர்கள் ஞாயிறு மாலையிலேயே ஒரு கடதாசியில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாகக் குடித்தது எப்போது, ஒரு நாளைக்கு எவ்வளவு, முன்பு வலிப்பு வந்ததா, வேறு என்ன மருந்து, முன்பு எந்தச் சிகிச்சையில் எத்தனை மாதம் நின்றார், வீட்டில் வேறு யார் குடிக்கிறார்கள், மாதம் எத்தனை முறை வர முடியும். பழைய கிளினிக் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே வைத்தியரிடம், "இந்த அளவு போதுமா, கூட்ட வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள்.