பொதுப்பணமும் பகிரங்கக் கணக்கும்

ஊர்ப் பொதுக்கிணற்றை இறைத்துத் திருத்த வீட்டுக்கு வீடு பணம் சேர்த்தால், செலவுக் கணக்கை ஊரவர் கேட்பது இயல்பு. அதை எவரும் குறையாகக் கொள்வதில்லை. அரசாங்கம் வரிப்பணத்திலிருந்து கமக்காரருக்கு மானியம் வழங்கும்போது, பெற்றவர் யார், தொகை எவ்வளவு என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டா? பெற்றவரின் பெயரை ஊரறியச் சொல்வது முறையா? இவ்விரு வினாக்களுக்கும் ஐரோப்பாவின் அனுபவம் நல்ல பாடமாக அமைகின்றது.

மானியம் ஏன் வந்தது?

யுத்தகாலப் பசியை அறிந்திருந்த ஆறு மேற்கு ஐரோப்பிய நாடுகள், 1962ஆம் ஆண்டில் பொது விவசாயக் கொள்கையை நடைமுறைப்படுத்தின. உணவு குறைவின்றிக் கிடைக்க வேண்டும், கமக்காரர் நியாயமான வருமானம் பெற வேண்டும் என்பன அதன் நோக்கங்கள். முதலில் விளைபொருளின் விலையைத் தாங்கிப் பிடித்தார்கள். 2003ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின், மானியத்தின் பெரும்பகுதி விளைச்சலோடு தொடர்பின்றி, நிலத்தை அடிப்படையாகக் கொண்டு வழங்கப்படலாயிற்று.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. நிலம் அதிகமுள்ளவருக்கே பணமும் அதிகம் சென்றது. நேரடிக் கொடுப்பனவுகளில் ஏறக்குறைய 80 வீதம், பெறுவோரில் 20 வீதத்தினரைச் சென்றடைந்ததாக ஐரோப்பிய ஆணைக்குழுவின் கணக்குகளே காட்டின.

பெயர்கள் வெளிவந்தன

டென்மார்க் 2004ஆம் ஆண்டிலும் பிரித்தானியா 2005ஆம் ஆண்டிலும் பெயர்ப்பட்டியல்களை வெளியிட்டன. சிறு கமக்காரரைக் காப்பதற்கென மக்கள் எண்ணியிருந்த பணத்தில், அரச குடும்பத்தின் பண்ணைகளும் பெருநிலக்காரரின் தோட்டங்களும் பெரிய சீனிக் கம்பனிகளும் பங்கு பெற்றமை அப்போது வெளிச்சமாயிற்று. 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லா நாடுகளும் பெறுவோரின் பெயர்களை இணையத்தில் வெளியிட வேண்டியதாயிற்று.

மறுபக்கமும் உண்டு

ஜேர்மனியின் ஹெஸன் மாநிலக் கமக்காரர் சிலர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். தம் குடும்ப வருமானத்தை அயலவர் எல்லாரும் அறிவது அந்தரங்க உரிமைக்கு மாறானது என்றனர். ஐரோப்பிய நீதிமன்றம் 2010 நவம்பர் 9ஆம் திகதி தீர்ப்பளித்தது. பொதுப்பணம் செல்லும் வழியை மக்கள் அறிவது நியாயமான நோக்கமே. ஆயினும், தொகை, காலம் ஆகியவற்றில் வேறுபாடு பாராமல் தனியாட்கள் எல்லாருடைய பெயர்களையும் வெளியிட்டது அளவு மீறியது என்று அது கண்டது. கம்பனிகள் போன்ற சட்ட ஆட்களுக்கு இப்பாதுகாப்பு கிட்டவில்லை.

அதன்பின் 2013ஆம் ஆண்டில் விதி திருத்தப்பட்டது. பொதுவாக 1,250 யூரோவுக்கு மேற்படாத சிறு தொகை பெறுபவரின் பெயர் மறைக்கப்படும். ஏனையோரின் பெயர், ஊர், தொகை ஆகியன வெளிவரும். பட்டியல் இரண்டு ஆண்டுகளுக்குப் பார்வைக்கு இருக்கும்.

நாம் கற்பது

வாசகரே, கணக்குக் கேட்பதன் நோக்கம் ஏழையை நாணச் செய்வதன்று. அவனுக்குரிய பங்கு அவனைச் சேர்ந்ததா என்று பார்ப்பதே. எனவே, தொகை பெருகப் பெருக வெளிச்சமும் பெருக வேண்டும். எமது நாட்டின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டமும் அந்தரங்கத்தைக் காக்கின்றது. பொதுநலன் மேலோங்கும்போது திரையை விலக்கவும் இடமளிக்கின்றது. உங்கள் பகுதிக்கு வந்த உர மானியம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்று அறிய விரும்பினால், எழுத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.