உடைத்துப் போட்ட விமானம்

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தது. அப்போது கான்பூரில் 'லிபரேட்டர்' என்னும் குண்டு வீசும் விமானங்கள் பல நின்றன. ஒவ்வொன்றுக்கும் 4 எஞ்சின்கள். பிரிட்டிஷ் படை அவற்றைக் கொண்டு போகவில்லை. இனி யாரும் ஓட்டக் கூடாது என்று உடைத்துப் போட்டது.

விடுதலை பெற்ற இந்தியாவிடம் இவ்வளவு பெரிய குண்டு விமானம் இல்லை. 1948-இல் பெங்களூர் விமானத் தொழிற்சாலை ஆட்கள் கான்பூர் போனார்கள். ஒன்றில் கழற்றியதை இன்னொன்றில் மாட்டினார்கள். பறக்கும் அளவுக்கு மட்டும் பழுது பார்த்தார்கள். முன்ஷி என்ற விமானி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். என்ன துணிச்சல்! அங்கே முழுதாகச் சீர் செய்தார்கள். காயலாங்கடைக்குப் போக வேண்டியவற்றில் சுமார் 40 தேறின.

அவை 1968 வரை உழைத்தன. கடல் மேல் பறந்து காவலும் பார்த்தன. 1974-இல் ஒன்றை இந்தியா பிரிட்டன் அருங்காட்சியகத்துக்குப் பரிசளித்தது. உடைத்துப் போட்டவர் நாட்டுக்கு அது பறந்தே போய்ச் சேர்ந்தது.