கொல்லிப்பாவைக்குக் குளோசப் வைத்தது யார்?

கேள்வி: கொல்லிமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, கொசுவம் வைத்த புடவை மாதிரி அடுக்கித் தெரியும் படத்தை ஒரு பத்திரிகையில் பார்த்தேன். மறு வாரமே நண்பர்களோடு பைக்கில் போனேன். எழுபது வளைவிலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாகிவிட்டது. எங்கேயும் அப்படித் தெரியவில்லை. படம் மோசடியா?
(ராசிபுரம் வாசகர்)

மோசடி இல்லை. நீங்கள் ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள், அவ்வளவுதான்.

காரவள்ளியில் மலையேறத் தொடங்கி சோளக்காட்டில் முடிவதற்குள் எழுபது வளைவுகள். அதில் ஒன்றின் ஓரமாக நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வளைவு உங்களிடமிருந்து 100 மீட்டரில் இருக்கிறது, அடுத்தது 200 மீட்டரில். தூரம் இரட்டிப்பு என்பதால் இரண்டாவது பாதி அளவில்தான் தெரியும். இப்போது எதிர்ச் சரிவுக்குப் போய் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நின்று பாருங்கள். முதல் வளைவு 1,500 மீட்டரில், அடுத்தது 1,600 மீட்டரில். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு! பெரிதாகத் தெரிந்தால் பக்கம், சிறிதாகத் தெரிந்தால் தூரம் என்றுதான் நம் கண் சின்ன வயதிலிருந்து கணக்குப் போட்டுப் பழகியிருக்கிறது. இரண்டும் ஒரே அளவில் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதாக முடிவு கட்டிவிடுகிறது.

டெலி லென்ஸ் தூரத்தைச் சுருக்கிவிடுகிறது என்று போட்டோகிராபர்களே சொல்வார்கள். உண்மையில் சுருக்குவது லென்ஸ் இல்லை, நிற்கிற இடம். லென்ஸ் செய்வதெல்லாம் அந்தக் காட்சியில் நடுவிலே ஒரு துண்டை வெட்டிப் பெரிதாக்கித் தருவதுதான். உங்கள் செல்போனிலேயே சோதித்துப் பார்க்கலாம். தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து, சாலை தெரிகிற பகுதியை மட்டும் விரலால் இழுத்துப் பெரிதாக்குங்கள். படம் மங்கலாகும், ஆனால் கொசுவம் வந்துவிடும்.

கொரோனா காலத்தில் இதே வித்தை பெரிய சண்டையைக் கிளப்பியது. கடற்கரையில் ஜனங்கள் முட்டி மோதுகிறார்கள் என்று படம் வரும். அங்கே இருந்தவர்களோ ஆளுக்கு ஆறடி தள்ளித்தான் நின்றோம் என்பார்கள். 2020 ஏப்ரலில் டென்மார்க் போட்டோகிராபர்கள் இருவர் ஒரே கூட்டத்தை அகல லென்ஸிலும் நீள லென்ஸிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒன்றில் காற்றாட நிற்கிற வரிசை, இன்னொன்றில் திருவிழாக் கூட்டம்.

மோசடி என்று நான் சொல்வது வேறு. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகை எகிப்துப் பிரமிடுகளை அட்டையில் போட்டது. படமோ கிடை வாக்கு, அட்டையோ செங்குத்து. கம்ப்யூட்டரில் ஒரு பிரமிடை நகர்த்தி இன்னொன்றின் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். நாலாயிரத்து ஐந்நூறு வருஷமாக அசையாமல் நின்றது லே-அவுட்டுக்காக நகர்ந்தது! உலகமெங்கும் திட்டு விழுந்தது. கொல்லிமலை போட்டோகிராபர் தான்தான் நகர்ந்தார், மலையை நகர்த்தவில்லை.

கேள்வி: ஆகாய கங்கை அருவிப் படத்தில் பால் ஊற்றுவது போல் இருக்கிறது. நேரில் பார்த்தால் தண்ணீர் தண்ணீராகத்தான் விழுகிறது?
(நாமக்கல் வாசகி)

ஷட்டர். கேமராவின் கண் அரை நொடி, ஒரு நொடி திறந்திருந்தால் அதற்குள் விழுந்த துளிகளெல்லாம் கோடாகி ஒன்றோடொன்று குழைந்துவிடும். ஆயிரத்தில் ஒரு நொடி மட்டும் திறந்தால் துளி துளியாக அந்தரத்தில் நிற்கும். நம் கண் இரண்டையுமே பார்ப்பதில்லை. அதனால் எது நிஜம் என்று கேட்காதீர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அதே படிகளில் மறுபடி ஏற வேண்டியவருக்கு எந்தப் படமும் அநியாயம்தான்.

கேள்வி: கொல்லிப்பாவை சிரித்தே ஆளை மயக்கிக் கொல்வாள் என்று எங்கள் ஊரில் கதை. சினிமாவில் கதாநாயகி முகத்தைத் திரை முழுக்கக் காட்டுவதும் அதேதானே? குளோசப்பை யார் கண்டுபிடித்தது?
(செம்மேடு வாசகர்)

நல்ல இடத்திலிருந்து நல்ல கேள்வி. சினிமாவுக்கு முன்னால் பாவை.

சங்கப் பாட்டுக்களில் கொல்லிப்பாவை பல இடங்களில் வருகிறாள். அங்கே அவள் சிரிக்கவும் இல்லை, கொல்லவும் இல்லை. தலைவியின் அழகுக்கு உவமை, அவ்வளவுதான். நற்றிணைப் பாட்டு ஒன்று, காற்று அடித்தாலும் மழை இடி விழுந்தாலும் நிலமே நடுங்கினாலும் அவள் அழகு கெடாது என்கிறது. குறுந்தொகை 89-இல் பரணர் போடுகிற வினைச்சொல் எனக்கு எப்போதும் ஆச்சரியம். தெய்வம் ‘எழுதிய’ பாவை என்கிறார். சித்திரத்தையும் எழுதுவது என்றுதானே அன்றைக்குச் சொன்னார்கள்? கல்லில் செதுக்கியதோ, பாறையில் தீட்டியதோ, எப்படியானாலும் மனித முகத்தின் பிம்பம். சிரிப்பும் சாவும் பிற்காலத்துக் கதைகளில்தான் சேர்ந்துகொண்டன. உங்கள் ஊர்க்காரர்கள் எட்டுக்கை அம்மனைத்தான் கொல்லிப்பாவை என்று கும்பிடுகிறார்கள்.

அசையாத முகம் ஒன்று, பார்க்கிறவன் கண்ணுக்குச் சிரிக்கிறது. இதை ஒருவர் சோதனையாகவே செய்து பார்த்தார். 1920-ஐ ஒட்டி, ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர். மஸ்ஜூகின் என்ற நடிகரின் முகம் மட்டும் உள்ள பழைய ஃபிலிம் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். அந்த முகத்தில் பெரிதாக எந்த உணர்ச்சியும் இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப்பை ஒட்டினார். இன்னொரு முறை சவப்பெட்டியை. இன்னொரு முறை ஒரு பெண்ணை. பார்த்தவர்கள் அசந்துபோனார்களாம். சூப்பைப் பார்த்து என்ன பசி, சவத்தைப் பார்த்து என்ன துக்கம், அந்தப் பெண்ணைப் பார்த்து என்ன ஆசை, என்ன நடிப்பு! மூன்றிலும் ஓடியது ஒரே துண்டு. நடித்தது பார்த்தவர்கள்.

இனி குளோசப். ஒருவர் தலையில் கட்ட முடியாது. எடிசன் ஸ்டூடியோவில் 1894-இலேயே ஃபிரெட் ஆட் என்ற ஊழியர் தும்முவதை இடுப்புக்கு மேலே கிட்டத்தில் எடுத்துவிட்டார்கள். ஆனால் அது தனித் தும்மல், கதைக்கு நடுவே வந்தது இல்லை. எனக்குப் பிடித்த பதில் 1900. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் எடுத்த ஒரு நிமிஷத்துச் சொச்சப் படம். ஒரு பையன் பாட்டியின் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். செய்தித்தாள், கடிகாரத்தின் உள்சக்கரங்கள், கூண்டுக் குருவி. அவன் பார்க்கிற ஒவ்வொன்றும் வட்டத்துக்குள் திரை நிறைய வருகிறது. அதில் பாட்டியின் கண்ணும் ஒன்று. வட்டத்துக்குள் அந்தக் கண் உருள்வதைப் பார்த்தால் இன்றைக்கும் முதுகுத்தண்டில் ஏதோ ஊரும். பூதக்கண்ணாடி என்று ஒரு சாக்கு தேவைப்பட்டது பாருங்கள். ‘ஏன் திடீரென்று இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது?’ என்று ஜனங்கள் மிரளக் கூடாதே.

நம் பக்கம் வந்தால் எல்லிஸ் டங்கன். அமெரிக்கர், தமிழ் தெரியாது. ஆனால் எம்.ஜி.ஆரின் முதல் படமான ‘சதி லீலாவதி’ (1936) அவர் இயக்கியது. சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸுக்காக ‘மந்திரி குமாரி’யில் (1950) வேலை செய்தவரும் அவர்தான். கொல்லிமலைக்குப் பக்கத்து ஊர்தான் சேலம். ‘மீரா’ (1945) எடுத்தபோது எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தைக் குளோசப்பில் எப்படிக் காட்டுவது என்று டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதேன் பானர்ஜியும் ஒரு வழி செய்தார்கள். எம்.எஸ்.ஸின் தலையையும் தோளையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் சிலையாக வார்த்தார்கள். அந்தச் சிலையை வைத்து, விளக்கை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று நகர்த்தி நகர்த்தி எந்தக் கோணத்தில் என்ன வெளிச்சம் விழுந்தால் முகம் எப்படி மாறுகிறது என்று சோதித்தார்கள். சிலைக்கு வியர்க்காது, களைக்காது. மூக்குத்தியின் நிழல் எங்கே விழுகிறது என்று மணிக்கணக்காகப் பார்க்கலாம். பிறகு அதே வெளிச்சத்தை நிஜ முகத்துக்கு வைத்தார்கள். ‘மீரா’வைப் பார்த்துவிட்டுத் தெய்வாம்சம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள், பாதிக் கும்பிடை விளக்குப் பிடித்தவருக்கும் தந்திருக்க வேண்டும்.

ஆக, சாட்சாத் ஒரு பாவையை வைத்துத்தான் தமிழ் சினிமாவின் மிக அழகான குளோசப்புகள் ஒத்திகை பார்க்கப்பட்டன. கொல்லிப்பாவைக்கு இதைவிட நல்ல வாரிசு கிடைக்காது.

கேள்வி: ஸ்லோ மோஷன் பாரதிராஜா கண்டுபிடித்ததா?
(சேந்தமங்கலம் வாசகர்)

குறும்புதானே! இல்லை. ஆஸ்திரியாவில் ஆகஸ்ட் முஸ்கர் என்ற பாதிரியார், இயற்பியல் வாத்தியாரும்கூட, 1904-இல் காப்புரிமை வாங்கிவிட்டார். எடுக்கும்போது நொடிக்கு அதிகப் படங்கள், ஓட்டும்போது வழக்கமான 24. அதனால் ஒரு நொடி ஓட்டம் இரண்டு, மூன்று நொடியாக நீள்கிறது.

பாரதிராஜாவின் பங்கு வேறு மாதிரி. ‘16 வயதினிலே’ (1977) எடுத்தபோது வேகமாக ஓடக்கூடிய கேமராவுக்குப் பட்ஜெட் இல்லை. ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடச் சொல்லி எடுத்துவிட்டார்கள்! கேமரா செய்ய வேண்டியதை நடிகை காலால் செய்தார். அந்த வயதில் அதைப் பார்த்த எங்களில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கேள்வி: ஹீரோ வரும்போது கேமரா ஏன் தரையில் கிடக்கிறது?
(பெயர் எழுதாத வாசகர்)

அண்ணாந்து பார்க்கிறவன் சிறியவன், பார்க்கப்படுகிறவன் பெரியவன். கோயில் கோபுரம் கட்டியவர்களுக்கே தெரிந்த சங்கதி. சினிமாவில் இதற்காகத் தரையையே உடைத்தவர் ஆர்சன் வெல்ஸ். ‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தில் தளத்தில் குழி வெட்டி அதற்குள் கேமராவை இறக்கினார். இத்தனை கீழிருந்து பார்த்தால் செட்டின் மேற்கூரை இல்லாதது தெரிந்துவிடுமே? துணியை இழுத்துக் கட்டிக் கூரையாக்கினார்கள். நாம் அதையும் தாண்டினோம். ஆளையே வளர்த்தோம். 1957-இல் ‘வணங்காமுடி’க்காகச் சென்னையில் சிவாஜிக்கு 80 அடியில் கட்-அவுட் நின்றது. அதன் காலடியில் நின்ற அத்தனை பேர் கழுத்தும் தானாகவே கேமராவாகிவிட்டது.

ஆனால் உங்கள் கொல்லிமலை மன்னன் வல்வில் ஓரியைப் பாடும்போது வன்பரணர் இந்த வழிக்கே போகவில்லை. புறநானூறு 152-ஐ எடுத்துப் பாருங்கள். வில்லாளியின் முகத்தில் தொடங்காமல் அம்பின் பின்னாலேயே போகிறார். யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருக்கும் உடும்பில் போய்ச் செருகுகிறது. வெட்டே இல்லாத ஒரே ஷாட். இவன் யாரோ என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். ஹீரோ அறிமுகக் காட்சி எழுதுகிறவர்கள் ஆடி மாதம் ஓரி விழாவுக்கு வந்து போகலாம்.

கேள்வி: நாங்கள் கொல்லிமலைக்காரர்கள். சினிமாவில் மலைவாசி என்றால் இலையைக் கட்டிக்கொண்டு, தலையில் இறகு செருகி, புரியாத பாஷையில் கத்துகிறார்கள். இது எங்கிருந்து வந்தது?
(வளப்பூர் நாட்டு வாசகி)

உங்கள் ஊர் நிலவரம் தெரியாதவர்களுக்காக முதலில். கொல்லிமலைப் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில், கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்று அவர்களே கதை சொல்கிறார்கள். கட்டுவது வேட்டி, சேலை. போடுவது சாமை, கேழ்வரகு, மிளகு, காபி, அன்னாசி, மரவள்ளி.

இலைப் பாவாடை எந்த மலையிலிருந்தும் வரவில்லை. கோடம்பாக்கத்தின் காஸ்ட்யூம் பெட்டியிலிருந்து வந்தது. அந்தப் பெட்டிக்குள் ஹாலிவுட்டின் ஆப்பிரிக்காவும் செவ்விந்தியரும் கலந்து கிடந்தார்கள். அதற்கும் முன்னால் இதே வேலையை வெள்ளைக்கார அரசாங்கத்தின் கேமரா செய்துவிட்டது. ஆளை நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் நிறுத்தி எடுப்பது, தலையை அளப்பது. சென்னை மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இன்றைக்கும் பயன்படுகிற தகவல் அவற்றில் ஏராளம். ஆனால் அந்த முறைப் படங்களில் நிற்கிறவர்களைப் பார்த்தால் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வரும்.

அமெரிக்காவில் எட்வர்ட் கர்ட்டிஸ் என்பவர் அந்நாட்டுப் பூர்வகுடிகளைப் பல்லாயிரம் படங்கள் எடுத்தார். 1910 வாக்கில் எடுத்த ஒன்றில் கூடாரத்துக்குள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஒரு கடிகாரம். புத்தகத்தில் அச்சானபோது கடிகாரத்தைக் காணோம். அழித்துவிட்டார். பூர்வகுடிக்கு மணி பார்க்கத் தெரியலாமா?

சிரித்துவிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. பல வருஷங்களுக்கு முன்னால் சிறுதானியம் பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுத உங்கள் மலைக்கு வந்தேன். ஒரு பாட்டி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நல்ல சாய்ந்த வெயில், முறத்திலிருந்து உமி பொன்னாகப் பறந்தது. பக்கத்தில் பச்சைக் கலரில் பிளாஸ்டிக் குடம். “பாட்டி, அந்தக் கொடத்தைக் கொஞ்சம் உள்ள வெச்சிடலாமா?” என்றேன்.

“ஏன் சாமி, அது என்ன பண்ணுச்சு உன்னைய?”

“படத்துல நல்லா இருக்காது.”

“ரெண்டு மைல் தூக்கிட்டு வந்தது. எனக்கு நல்லாத்தான் இருக்குது” என்றவர், போனால் போகிறது என்று எழுந்து குடத்தை உள்ளே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உமி முன்போலப் பறந்தது. எடுத்தேன்.

இதழ் வந்தது. அரைப் பக்கத்துக்குப் பாட்டி. ஏதோ குறைகிறதே என்று நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாட்டிக்குப் பின்னால் கூரையின் ஓரம் டி.வி. ஆன்டெனா ஒன்று நின்றிருந்தது. எடுக்கும்போது நான் கவனிக்கவேயில்லை. பத்திரிகையில் அந்த இடத்தோடு படம் முடிந்துவிட்டது. லே-அவுட்காரரிடம் கேட்டேன். அவருக்கு அப்படி ஒன்றை வெட்டியதாகவே ஞாபகம் இல்லை.